டேப்லெட் பிள்ளைக்கு, உள்ளே இருப்பது யாருக்கு?

2025 டிசம்பரில் நடந்த கூத்து ஞாபகம் இருக்கும். புது மொபைல் எல்லாவற்றிலும் சஞ்சார் சாத்தி செயலியைப் போட்டுத்தான் விற்க வேண்டும் என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. எதிர்க்கட்சிகளில் இருந்து டீக்கடை வரை சத்தம் போட்டோம். 3ஆம் தேதியே உத்தரவு வாபஸ். ரொம்ப சந்தோஷம். இதே வேலையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் டேப்லெட்டில் செய்தால் மட்டும் ஏன் கைதட்டுகிறோம்?

வேலூருக்குப் பக்கத்திலேயே ஆந்திர எல்லை. அங்கே 2022 டிசம்பர் 21 அன்று, அப்போதைய முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டியின் பிறந்தநாளில் (வேறு நாளே கிடைக்கவில்லை பாருங்கள்), அரசுப் பள்ளி எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டேப்லெட் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆசிரியர்களையும் சேர்த்து 5 லட்சத்துக்கும் மேல். உள்ளே பைஜூஸ் பாடங்களை முன்கூட்டியே ஏற்றித் தந்தார்கள். பாடங்கள் இலவசம் என்று அரசு பெருமையாகச் சொன்னது.

நான் படிப்பது பி.காம். எங்களுக்கு முதலில் சொல்லித் தருவதே, ஒவ்வொரு பற்றுக்கும் எதிரில் ஒரு வரவு உண்டு என்பதுதான். ஒரு கம்பெனி லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குச் சும்மா கொடுக்கிறது என்றால், எதிர்ப்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க வேண்டாமா? 13 வயதில் பழகிய பிராண்ட் சுலபத்தில் விடாது. 2024 ஜூலையில் அதே கம்பெனி, கிரிக்கெட் வாரியத்துக்கு வைத்த சுமார் 158 கோடி பாக்கிக்காகத் திவால் நடவடிக்கைக்குள் போனது. இப்படிப்பட்ட கம்பெனியை நம்பித்தான் பிள்ளைகளின் பாடம்!

"பிடிக்கவில்லை என்றால் நீக்கிக்கொள்" என்பார்கள். எங்கே நீக்குவது? முன்கூட்டியே போட்ட செயலி பெரும்பாலும் ஆண்ட்ராய்டின் சிஸ்டம் பகுதியில் உட்கார்ந்திருக்கும். நீக்கும் பொத்தானே வராது, முடக்கி வைக்கலாம், அவ்வளவுதான். 2022இல் கூகுளுக்கு 1,337.76 கோடி அபராதம் போட்ட இந்தியப் போட்டி ஆணையம், முன்பதிந்த கூகுள் செயலிகளைப் பயனர் நீக்குவதைத் தடுக்கக் கூடாது என்றும் சொன்னது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை வைத்துக்கொண்டு, அந்தக் கட்டளையை எடுத்துவிட்டது.

கட்டுப்பாட்டு மென்பொருள் போட்டிருக்கிறோமே என்பது அடுத்த பதில். போடட்டும். அது பிள்ளை கண்ட இடத்துக்குப் போகாமல் தடுக்கும். உள்ளே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் செயலி பிள்ளையைப் பார்ப்பதை யார் தடுப்பது? 2022இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 49 நாடுகளில் அரசுகள் சிபாரிசு செய்த கல்விச் செயலிகளை ஆராய்ந்தது. 89 சதவீதம் பிள்ளைகளின் தகவல் விஷயத்தில் தேறவில்லை. நம் மத்திய அரசின் தீக்ஷாவும் பட்டியலில் உண்டு. தனியார் மட்டும்தான் மோசம் என்று நினைத்தவர்களுக்காகச் சொல்கிறேன் :-)

இதற்கு வழி தெரியாத ஊரா நம் ஊர்? தோல் பூஞ்சை பிடிக்காமல் இருக்க டேனரிகளில் பென்டாகுளோரோபீனால் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1989 கடைசியில் ஜெர்மனி அதைத் தடை செய்தது. கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கு வேண்டாம். ஏற்றுமதி ஆட்டம் கண்டது, புலம்பினார்கள், கடைசியில் மாற்று ரசாயனத்துக்கு மாறினார்கள். ஆம்பூரில், ராணிப்பேட்டையில் இன்றைக்கும் ஆர்டர் பிடிக்க வேண்டுமென்றால் தோலில் என்னென்ன இருக்கிறது என்று டெஸ்ட் ரிப்போர்ட் காட்ட வேண்டும். வாங்குகிறவன் எழுதுவதுதான் சட்டம்.

லட்சக்கணக்கில் டேப்லெட் வாங்கும் அரசை விடப் பெரிய வாங்குகிறவன் யார்? டெண்டரில் சேர்க்க வேண்டியது நாலு வரிதான். என்னென்ன செயலிகள் உள்ளே இருக்கும் என்ற முழுப் பட்டியல் வேண்டும், தமிழில். ஒவ்வொன்றும் என்ன தகவலை யாருக்கு அனுப்புகிறது என்று சுயேச்சையான பரிசோதனை அறிக்கை வேண்டும். பாடத்துக்குச் சம்பந்தமில்லாதது சிஸ்டம் பகுதியில் இருக்கக் கூடாது. மிச்சத்தை நீக்கும் அதிகாரம் தலைமையாசிரியரிடம் இருக்க வேண்டும்.

பெற்றோர் சம்மதம் வாங்குகிறோமே என்று யாராவது சொன்னால், காலையில் ஆம்பூர் பைபாஸில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் அம்மாக்களிடம் அந்த ஆங்கிலச் சம்மதப் பக்கத்தைக் கொடுத்து, பஸ் வருவதற்குள் படித்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.