தூக்கிப் போடச் சொல்லும் புண்ணியவான்களுக்கு

"சல்லிசா புதுசே கிடைக்குது, இந்த டப்பா ரேடியோவைப் போய் நோண்டிக்கிட்டு..." இப்படிச் சொல்ற ஆளுங்க நம்ம பொட்டி தட்டுற கூட்டத்துலதான் அதிகம். அவங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

ஜவ்வாது மலையில ஜமுனாமரத்தூர் பக்கம் என் நண்பன் ஊர். அவன் தாத்தாவோட ரெண்டு செல் ரேடியோ, பேட்டரி கசிஞ்சு செத்துப்போச்சு. ஸ்பீக்கரும் கிழிசல். கடைக்குன்னா போளூர் இறங்கணும். தாத்தா இறங்கலை. திரை போன பழைய நோக்கியா போனோட 3.7 வோல்ட் பேட்டரியை எடுத்தார். சார்ஜ் ஏத்த அந்த போனே போதும். ரேடியோவுக்கு வேண்டியது 3 வோல்ட்தானே? எரிஞ்சுபோன சிஎஃப்எல் பல்பைப் பிரிச்சு, உள்ள இருந்த நாலு டயோடுல ஒண்ணை நடுவுல சேர்த்தார். அது சுமார் 0.7 வோல்ட்டை முழுங்கிடும். கணக்கு சரியாப்போச்சா? ஸ்பீக்கர், பேரனோட உடைஞ்ச பொம்மையில இருந்து. ரேடியோ பாடுது!

டயோடுங்கிற பேரே அவருக்குத் தெரியாது. "இதைப் போட்டா வேகம் குறையும் தம்பி. வெள்ளைக்கோடு ரேடியோ பக்கம் இருக்கணும், அவ்ளோதான்" என்றார். நான் நாலு வருஷம் இன்ஜினியரிங்ல இதே டயோடுக்கு கிராஃப் வரைஞ்சு மார்க் வாங்கினவன். குப்பையில இருந்து ஒண்ணைக் கழட்டிப் பாருன்னு எந்த லேப்லயும் சொல்லலை.

"இதெல்லாம் இல்லாதவன் செய்யிற ஒட்டு வேலை" என்பீங்க. அதே மலையிலதான் காவலூர் வான் ஆய்வகம் இருக்கு. 1968-ல அங்க முதன்முதலா வச்ச 38 செ.மீ. தொலைநோக்கி, கொடைக்கானல் ஆய்வகத்துல நம்ம ஆளுங்களே செஞ்சது. அதையும் ஒட்டு வேலைன்னு சொல்வீங்களா?

ரேடியோ பொழைச்சதுக்குத் தாத்தாவோட சாமர்த்தியம் பாதிதான் காரணம். மீதிப் பாதி, ஸ்க்ரூவைக் கழட்டினா அது திறக்கும்ங்கிறது. உங்க போனைத் திறங்க பார்ப்போம்? பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருக்கான். சர்வீஸ் சென்டர்ல கேட்டா, "போர்டையே மாத்தணும் சார்". காசு கொடுத்து வாங்கின பொருளைத் திறக்க நமக்கு உரிமை இல்லைன்னா, அது வாங்கினதா, வாடகைக்கு எடுத்ததா?

நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு போட்டது. டிசம்பர்ல இணையதளமும் திறந்தது. நல்ல விஷயம்தான். ஆனா கம்பெனிங்க மனசு வச்சாத்தான்னு விட்டா வேலைக்காகாது. உதிரி பாகமும் சர்க்யூட் படமும் தந்தே ஆகணும்னு சட்டம் சொல்லணும். அதைக் கேட்க வேண்டிய படிச்ச கூட்டம், வருஷத்துக்கு ஒரு போன் மாத்திட்டு தாத்தாவைப் பார்த்துச் சிரிக்குது.

டிஸ்கி: வீங்கின பேட்டரியை மட்டும் தொடாதீங்க மக்களே, தீப்பிடிக்கும்.