கயிறு கட்டினால் குழாய் அடங்குமா?

சென்னை அடுக்குமாடி வீடுகளில் பால்கனித் தோட்டம் பெருகிவிட்டது. ஒரு துளசி, ஒரு கறிவேப்பிலை, நாலு ரோஜாத் தொட்டி, கொஞ்சம் கீரை. எல்லாம் இருக்கிறது, பால்கனியில் குழாய் மட்டும் இல்லை! கட்டியவர் வைக்கவில்லை, வாங்கியவர் கேட்கவில்லை. கடைசியில் சமையலறைக் குழாயிலிருந்து ஹோஸ் பைப் கிளம்பி, ஹாலைக் கடந்து, சோபாவை உரசிக்கொண்டு பால்கனிக்குப் போகிறது. அந்தப் பைப்பைக் குழாயோடு பிடித்து வைத்திருப்பது எது? ஒரு கிழிந்த துணியும் இரண்டு சுற்றுச் சணல் கயிறும்!

இதற்குச் சிக்கனம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எது சிக்கனம்? கட்டிய இடத்தில் நிமிடத்துக்கு ஒரு டம்ளர் கசிந்தால் மணிக்கு 12 லிட்டர். தினமும் அரை மணி நேரம் செடிக்குத் தண்ணீர் விட்டால் மாதம் 180 லிட்டர் சிங்க்கோடு போகிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஒரு குடம் தண்ணீருக்கு லாரி பின்னால் ஓடிய ஊர் இது. அதற்குள் மறந்துவிட்டதா?

"இத்தனை நாள் நன்றாகத்தானே இருந்தது" என்பார்கள். பைப்பின் மறுமுனை திறந்திருக்கும் வரை நன்றாகத்தான் இருக்கும். தண்ணீர் ஓடிக்கொண்டிருப்பதால் இணைப்பின் மேல் அதிக அழுத்தம் இல்லை. யாரோ ஒருவர் ஆசைப்பட்டு பைப் முனையில் ஸ்பிரே கன் மாட்டுகிறார். செடிக்கு அடித்துவிட்டு, கன்னை மூடிவிட்டு, போன் பேசப் போகிறார். அப்போதுதான் மொட்டைமாடித் தொட்டியின் முழு அழுத்தமும் அந்தக் கயிற்றின் மேல் வந்து உட்காருகிறது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் ஒரு கிலோ அழுத்தம். தொட்டி 13 மீட்டர் மேலே இருந்தால், 21 மி.மீ. குழாய் வாயிலிருந்து பைப்பைப் பிடுங்கும் விசை ஏறத்தாழ நாலரை கிலோ. சணல் எத்தனை நேரம் தாங்கும்? போன் பேசி முடித்துத் திரும்பும்போது சமையலறை குளமாகியிருக்கும்.

இங்கிலாந்தில் லம்லி ராபின்சன் என்பவர் திருகி இறுக்கும் ஹோஸ் கிளாம்புக்குக் காப்புரிமை பெற்றது 1921-ல். நூறு வருடம் தாண்டிவிட்டது. இன்று எந்த ஹார்டுவேர் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. இன்னும் சணலா?

கிளாம்ப் மட்டும் போதுமா என்றால், போதாது. வழவழப்பான குரோமியக் குழாய் வாயில் கிளாம்பும் வழுக்கும். பைப் நிற்க வேண்டியது மரையில். இங்கேதான் கடைக்காரர்களின் அலட்சியம் தொடங்குகிறது. "அரை இஞ்ச்" என்று கேட்டால் கையில் கிடைத்ததைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அரை இஞ்ச் குழாய் மரையை வெளியே அளந்தால் சுமார் 21 மி.மீ. இருக்கும், முக்கால் இஞ்ச் மரை 26 மி.மீ.க்கும் சற்று மேல். நுரைபோல் தண்ணீர் விடும் சல்லடை மூடி, அதாவது ஏரேட்டர் உள்ள குழாய்களில் பெரும்பாலும் 22 அல்லது 24 மி.மீ. மரை. இவை ஒன்றோடு ஒன்று சேராது. ஏரேட்டரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், அதே மரைக்குப் பொருந்தும் அடாப்டர் வாங்க வேண்டும். அதன் உள்ளே ரப்பர் வாசர் இருக்க வேண்டும். இந்த இணைப்பில் கசிவை அடைப்பது வாசர்தான். வாசர் இல்லாமல் பத்து சுற்று டெஃப்லான் டேப் சுற்றுவது வீண் வேலை. கிளாம்புக்கு உரிய இடம் அடாப்டரின் மறுமுனை. அங்கே உள்ள வரி வரியான மூக்கில் பைப்பைச் செருகி இறுக்க வேண்டும்.

அடாப்டர் மாட்டிய பிறகும் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் குழாயை மூட வேண்டும், பிறகுதான் கன்னை. திரும்பும் கழுத்துள்ள சமையலறைக் குழாயின் கழுத்து, தண்ணீர் வெளியே போகும் வழி மட்டுமே. நாள் முழுக்க அழுத்தம் தாங்க அது செய்யப்பட்டதல்ல.

இதையெல்லாம் விடப் பெரிய ஆபத்து ஒன்றை யாரும் பேசுவதே இல்லை. பைப் முனை பூச்சிமருந்து கலந்த வாளிக்குள் கிடக்கிறது. தொட்டி காலியாகி தண்ணீர் நின்றுபோகிறது. குழாயை மூட மறந்துவிடுகிறார்கள். கீழ் வீட்டில் ஒருவர் குழாயைத் திறந்தால், வாளியில் உள்ளது பின்னோக்கி உறிஞ்சப்பட்டு, கட்டடம் முழுக்கக் குடிக்கும் லைனுக்குள் போக வாய்ப்பு உண்டு. கற்பனை இல்லை. 1933-ல் சிகாகோ உலகக் கண்காட்சியின்போது இரண்டு ஓட்டல்களில் கழிவுநீர் குடிநீர்க் குழாயில் கலந்து, அமீபா சீதபேதி பரவி 98 பேர் இறந்தார்கள். அங்கே கெட்டது ஓட்டலின் குழாய் அமைப்பு, இங்கே ஒரு வாளி. தவறான தண்ணீர் நல்ல லைனுக்குள் நுழைவது என்ற விஷயம் ஒன்றுதான். பைப் முனை எப்போதும் வாளி விளிம்புக்கு மேலேயே நிற்க வேண்டும். பின்னோக்கிப் போகவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றையும் இணைப்பில் சேர்ப்பது நல்லது.

உண்மையில் இந்த வம்பே வேண்டியதில்லை. சிங்க்குக்கு அடியில் ஆங்கிள் காக் இருந்தால், அதை எடுத்துவிட்டு இரண்டு வாய் உள்ளதை மாட்டலாம். ஒன்று குழாய்க்கு, ஒன்று ஹோஸுக்கு. பிளம்பருக்கு அரை மணி நேர வேலை. அதைவிட நல்லது, வீடு கட்டும்போதே பால்கனியில் மூக்கு வைத்த குழாய் ஒன்று வைப்பது. லட்சக்கணக்கில் பணம் வாங்கி, நீச்சல் குளம், ஜிம் என்று விளம்பரம் செய்கிறவர்களுக்கு இது ஒரு செலவா? வாங்குகிறவர்களும் டைல்ஸின் நிறத்தை மூன்று நாள் விவாதிக்கிறார்கள். பால்கனியில் குழாய் எங்கே என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை.

கேட்காத வரை யாரும் வைக்கப் போவதில்லை. சணல் கயிறும் அவிழப் போவதில்லை, தானாக அவிழ்ந்து சமையலறையை மூழ்கடிக்கும் அந்த ஒரு நாள் வரை!