மங்கலான பொட்டுக்குள் ஒரு கொதிப்பு

போன ஏப்ரலில், போர்ட்டிக்சன் கடற்கரையில் மகளுக்கு என் சிறிய தொலைநோக்கியில் எம்87-ஐக் காட்டினேன். கன்னி ராசிப் பக்கம், ஏறக்குறைய தலைக்கு மேலே இருந்தது.

"மங்கலா ஒரு பொட்டுதானேப்பா!" என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. இதுபோன்ற நீள்வட்ட விண்மீன் மண்டலங்களில் முதிய விண்மீன்கள் மட்டுமே உண்டு, வாயு கிடையாது என்றே வானியலாளர்களும் நெடுங்காலம் நினைத்தார்கள். எக்ஸ் கதிர்களை நம் காற்று மண்டலம் தடுத்துவிடுவதால் தரையிலிருந்து பார்க்கவும் வழியில்லை. 1978-இல் ஐன்ஸ்டைன் தொலைநோக்கி விண்வெளிக்குப் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. பிரகாசமான நீள்வட்ட மண்டலங்கள் பலவற்றில் சுமார் 1 கோடி டிகிரி சூட்டில் வாயு நிறைந்திருந்தது! அதில் பெரும்பகுதி முதிய விண்மீன்கள் உதறியது.

அத்தனை சூடான வாயு சிதறி ஓடாமல் இருக்க, கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களின் ஈர்ப்பு மட்டும் போதாது. கரும்பொருளுக்கு இது வலுவான சாட்சி.

எனக்குப் பிடித்த புதிர் வேறு. எக்ஸ் கதிராக வெப்பத்தை இழக்கும் வாயு, ஏன் ஆறிப்போய்ப் புது விண்மீன்களாகவில்லை? 1999-இல் ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கி (நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர்தான்) எம்87-இன் வாயுவில் குமிழ்களையும் அதிர்ச்சி அலைகளையும் காட்டியது. நடுவிலுள்ள கருந்துளைதான் அடுப்பை ஊதுவதுபோல் வாயுவை ஆறவிடாமல் வைத்திருக்கிறது என்கிறார்கள். 2019-இல் படம் வெளிவந்ததே, அதே கருந்துளை!

மகள் மறுபடியும் கண்ணை வைத்தாள்.

"இப்பவும் கொதிக்குதாப்பா?"

நாம் பார்க்கும் ஒளி அங்கிருந்து கிளம்பி 5 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது என்றேன்.