கூலி நெசவா, சொந்த நெசவா?



கடந்த ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின்பு, விசைத்தறி ஓட்டும் நம் பங்குக் குடும்பத் தலைவர் ஒருவர் தயங்கியபடி நம்மிடம் வந்தார். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் அவருடைய இளைய மகன் சற்றுத் தள்ளி நின்றான்.

"ஃபாதர், இவன் கம்ப்யூட்டர் கேம் செய்யற படிப்புதான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். கேம் ஆடித்தான் இவன் அண்ணன் தறிக்கூலி எல்லாத்தையும் தொலைச்சான். அதே சேத்துல இவனும் போய் இறங்கணுமா? நீங்க சொன்னா கேப்பான்" என்றார்.

மகன் தலையைக் குனிந்தபடியே, "அண்ணன் ஆடினது கேம் இல்ல ஃபாதர், அது சூது. நான் ஆடப் போகல, செய்யப் போறேன்" என்றான்.

இருவரும் நம் முகத்தைப் பார்த்தார்கள். "அடுத்த வாரம் பேசலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். உண்மையைச் சொன்னால், அன்று நம்மிடம் பதில் இல்லை. இந்த ஒரு வாரத்தில் படித்தும் கேட்டும் நாம் அறிந்தவற்றை, அந்த ஒரு குடும்பத்திற்கு மட்டுமல்லாமல் எல்லாப் பெற்றோருக்குமாக இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

விளையாடுவது பாவமா?

இல்லை. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. புனித தோமா அக்வினாஸ், உடலுக்கு ஓய்வு வேண்டியிருப்பதுபோல உள்ளத்திற்கு விளையாட்டு வேண்டும் என்று கற்பித்தார். எந்நேரமும் நாண் ஏற்றியே வைத்திருக்கும் வில் முறிந்துபோகும் என்ற பழைய உவமையை, திருத்தூதர் யோவானின் வாழ்வில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சியோடு சேர்த்து அவர் எடுத்துக்காட்டுகிறார். மீட்படைந்த எருசலேமைக் காட்சியாகக் கண்ட இறைவாக்கினர் செக்கரியாவும், அதன் தெருக்களில் சிறுவரும் சிறுமியரும் விளையாடுவதையே கடவுளின் ஆசிக்கு அடையாளமாகக் காட்டினார்.

நம் மண்ணுக்கும் விளையாட்டு புதிதல்ல. பல்லாங்குழியும் தாயமும் ஆடு புலி ஆட்டமும் நம் பாட்டிமார் திண்ணையில் ஆடியவை. ஏணியும் பாம்பும் வரைந்த பரமபதம், நன்மை உயர்த்தும், தீமை வீழ்த்தும் என்பதைக் குழந்தைக்குச் சொல்லித்தந்த ஆட்டம். அதன் வழிவந்த ஆட்டம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் அச்சாகி விற்பனைக்கு வந்தது. பின்னர் அட்டைப் பெட்டியில் அடைபட்டு நம் கடைகளுக்கே திரும்பி வந்தது. விளையாட்டை உருவாக்கத் தெரிந்திருந்த நாம், அதை விலை கொடுத்து வாங்குபவர்களானோம். இதை மனத்தில் இருத்திக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

அளவு மீறினால் விளையாட்டும் நோயாகும் என்பதும் உண்மையே. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில், விளையாட்டை விட முடியாமல் படிப்பும் உறவும் சிதையும் நிலை ஒரு கோளாறாகவே இடம்பெற்றுள்ளது.

விளையாட்டு வேறு, சூது வேறு

அந்தத் தந்தையின் கோபத்திற்குக் காரணம் இருக்கிறது. கடந்த பத்தாண்டில் நம் வீடுகளுக்குள் "கேம்" என்ற பெயரில் அதிகமாக நுழைந்தது பணம் கட்டி ஆடும் ரம்மியும் பந்தயச் செயலிகளும்தான். தறியில் நின்று ஈட்டிய கூலியை இரவில் கட்டிலில் படுத்தபடியே இழந்த இளைஞர்களை நாம் அறிவோம். கடன் தொல்லையால் உயிரையே மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றித் தமிழ்நாடு முழுவதும் செய்திகள் வந்தன.

அரசு சும்மா இருக்கவில்லை. 2020 நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. 2021 பிப்ரவரியில் அது சட்டமானது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022-இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு ஆராய்ந்து அறிக்கை தந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் பேரவை நிறைவேற்றிய புதிய சட்டத்தை ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேறி ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. நவம்பரில், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமையால் ஆடப்படுபவை, அவற்றைத் தடை செய்ய முடியாது என்று நீதிமன்றம் கூறியது. பின்பு, நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் கட்டி ஆடக் கூடாது என்ற விதி 2025-இல் வந்தது. அதை உயர்நீதிமன்றமும் அந்த ஆண்டு ஜூனில் ஏற்றுக்கொண்டது.

இறுதியாக நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த அந்தச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வாதத்தையே ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது. ஆண்டுதோறும் சுமார் 45 கோடி பேர் ஏறக்குறைய 20,000 கோடி ரூபாயை இவற்றில் இழக்கிறார்கள் என்று அப்போது அரசுத் தரப்பில் கூறப்பட்டது. நடத்துபவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும் தண்டனை உண்டு. ஆடி இழந்தவரைச் சட்டம் குற்றவாளியாகப் பார்க்கவில்லை. வீட்டில் நாமும் அப்படியே பார்க்கப் பழக வேண்டும். இழந்த பிள்ளையை அடித்து விரட்டினால், அவன் மீண்டும் கடன்காரனிடம்தான் போய் நிற்பான்.

அந்தச் சட்டத்தின் மறுபாதியைப் பலர் கவனிக்கவில்லை. மின்விளையாட்டுப் போட்டிகளையும், பணப் பந்தயம் இல்லாத பொழுதுபோக்கு, கல்வி விளையாட்டுகளையும் அரசு வளர்க்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. அந்த மாணவன் நம்மிடம் சொன்ன வேறுபாடு இன்று நாட்டின் சட்டத்திலேயே இருக்கிறது.

ஆனால் எல்லை அவ்வளவு நேராக இல்லை. இலவசம் என்று சொல்லிப் பிள்ளையை உள்ளே இழுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கச் சொல்லும் விளையாட்டுகள் உண்டு. பெல்ஜியம் நாடு 2018-லேயே அவற்றைச் சூது என்று அறிவித்தது. எனவே "இது ரம்மி இல்லையே" என்று நிம்மதி அடைந்துவிட வேண்டாம். இந்த விளையாட்டு பிள்ளையின் மகிழ்ச்சியால் பிழைக்கிறதா, அவனுடைய பலவீனத்தால் பிழைக்கிறதா என்று கேட்டுப் பார்ப்போம்.

கூலி நெசவு

இனி அந்த மாணவனின் பக்கம் வருவோம். விளையாட்டைச் செய்யும் தொழில் நம் நாட்டில் இருக்கிறதா? இருக்கிறது. 1997-இல் பெங்களூரில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் முன்னோடி நிறுவனம். அதைத் தொடர்ந்து பெங்களூரு, புனே, ஐதராபாத், சென்னை ஆகிய நகரங்களில் பல நிறுவனங்கள் வளர்ந்தன.

அவற்றில் பெரும்பகுதி செய்த வேலை எப்படிப்பட்டது என்பதை நம் பகுதி மக்களுக்கு விளக்கவே தேவையில்லை. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை எங்கும் நாம் காண்பது கூலி நெசவு. நூல் முதலாளியுடையது; வடிவம் அவர் சொல்வது; நெய்கிற கை நம்முடையது; துணியில் ஒட்டும் பெயர் வேறொருவருடையது. கணினி விளையாட்டிலும் இப்படித்தான் நடந்தது. வெளிநாட்டு விளையாட்டுகளுக்கான கார்களையும் கட்டடங்களையும் மரங்களையும் நம் பிள்ளைகள் வரைந்து கொடுத்தார்கள். கதையும் உரிமையும் லாபமும் வேறிடத்தில் இருந்தன.

கூலி வேலை இழிவானது என்று நாம் சொல்லவில்லை. எத்தனையோ குடும்பங்கள் அதனால் பிழைத்தன. ஆனால் முதலாளி நூலை நிறுத்தினால் தறி நின்றுவிடும். 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் என்ற பன்னாட்டு நிறுவனம் வீழ்ந்தபோது, திரைப்பட வரைகலையும் அசைபடமும் விளையாட்டுக் கலையும் செய்துகொண்டிருந்த இந்திய ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் திடீரென வேலையிழந்து நின்றார்கள். அவர்கள் திறமையில் குறைபட்டவர்கள் அல்லர். அவர்கள் நெய்தது அவர்களுடைய துணியாக இல்லை, அவ்வளவுதான்.

சொந்த நெசவு

சொந்தமாக நெய்தவர்களும் இருக்கிறார்கள். புனேயைச் சேர்ந்த சிறு குழு ஒன்று 2020-இல் "ராஜி" என்ற விளையாட்டை வெளியிட்டது. தம்பியைத் தேடிச் செல்லும் ஒரு சிறுமியின் கதை அது. நம் நாட்டுக் கோட்டைகளும் ஓவியங்களும் நிழற்பாவைக் கூத்தும் அதில் உயிர்பெற்றன.

நமக்கு இன்னும் நெருக்கமானது "வெண்பா". கனடாவின் டொரண்டோ நகரில் தமிழர் ஒருவர் முன்னின்று தொடங்கிய விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2023 ஜூலை 31-இல் அதை வெளியிட்டது. 1988-இல் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பம். வெண்பா என்ற தாய். பாவலன் என்ற தந்தை. கவின் என்ற மகன். இதில் துப்பாக்கி இல்லை, பந்தயம் இல்லை. தன் தாயின் பழைய, கறைபடிந்த சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு வெண்பா சமைக்கிறாள். அழிந்துபோன வரிகளை ஊகித்து நாம் சமைத்து முடிக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே ஏறும் என்பதே முதல் புதிர்! மகன் வளர வளர மொழியும் உணவும் உறவும் கை நழுவுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தாயின் வேதனைதான் அதன் கதை. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்த எளிய விளையாட்டு, 2024-இல் தனி முயற்சி விளையாட்டுகளுக்கான உலகப் புகழ்பெற்ற விழாவில் முதன்மைப் பரிசையும், பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதையும் பெற்றது.

மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் நம் சமையலறைக் கதை டொரண்டோவில் செய்யப்பட வேண்டியிருந்தது ஏன்? பிள்ளைக்குத் திறமை இருந்தும், "இதெல்லாம் ஒரு படிப்பா?" என்று இங்கே நாம் கதவைச் சாத்திவிடுகிறோம் அல்லவா?

நம் ஊரில் சொல்லக் கதை இல்லையா? வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசி வளர்கிற பிள்ளைகள். எல்லைச் சிக்கல் தீர்ந்து 1960-இல் இவ்வூர் சென்னை மாநிலத்தோடு இணைந்த வரலாறு. ஆண்டின் நாளுக்கு ஒன்றாக 365 படிகள் கொண்ட மலையும், ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வரும் நம் அயலார் திரளும். இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போடும் நம் தாய்மாரின் விரல்கள். இவை எல்லாம் யாரும் இன்னும் கையில் எடுக்காத நூல்.

நாம் செய்யக்கூடியவை

2025 செப்டம்பர் 7-இல் திருத்தந்தை 14ஆம் லியோ புனிதராக அறிவித்த கார்லோ அகுடிஸ், 15 வயதிலேயே இறந்த இத்தாலியச் சிறுவர். அவருக்கும் வீடியோ கேம் பிடிக்கும். ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தமக்குத் தாமே வரம்பு வைத்துக்கொண்டார். அதே கணினியில் நற்கருணைப் புதுமைகள் பற்றிய இணையதளத்தையும் உருவாக்கினார். வரம்பு வைத்து விளையாடவும், கருவியைக் கொண்டு ஆக்கவும் நம் பிள்ளைகளுக்கு அவர் நல்ல முன்மாதிரி.

பெற்றோருக்குச் சில சொற்கள். கைப்பேசி பெரும்பாலும் ஆடுவதற்குத்தான் வசதி. செய்வதற்குக் கணினி இருப்பது நல்லது. செய்யும் ஆர்வம் உண்மையா என்று அறியப் பெரும் கட்டணம் கட்டத் தேவையில்லை. கோடோ போன்ற மென்பொருள்கள் முற்றிலும் இலவசம். ஆறு மாதத்தில் ஒரு சிறு விளையாட்டைச் செய்து முடித்துக் காட்டச் சொல்லுங்கள். முடித்தால் அவனுக்கு அழைப்பு இருக்கிறது. முடிக்காவிட்டால் ஆடும் ஆசை மட்டுமே இருக்கிறது. வேலை உறுதி என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்கும் பயிற்சி நிலையங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். தேசிய வடிவமைப்புக் கழகத்தின் பெங்களூரு வளாகத்தில் இத்துறைக்கென்றே முதுகலைப் படிப்பு இருக்கிறது. 15,000 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளிலும் 500 கல்லூரிகளிலும் இத்துறைக்கான ஆய்வகங்கள் அமைக்க உதவுவதாக 2026 மத்திய நிதிநிலை அறிக்கை அறிவித்தது. நம் பகுதிப் பள்ளிகளுக்கும் அவை வர வேண்டும் என்று கேட்பது நம் கடமை.

பங்காகவும் நாம் ஒன்று செய்வோம். மறைக்கல்வி அறையில் இருக்கும் கணினியைச் சனிக்கிழமை மாலைகளில் இளையோருக்குத் திறந்துவிடுகிறோம். எந்தச் சமயத்துப் பிள்ளையும் வரலாம். ஆட அல்ல, செய்ய.

இந்த ஞாயிறு அந்தத் தந்தையிடம் நாம் சொல்லப்போவது இதுதான்: "உங்க மூத்த மகனை இழுத்துக்கிட்டுப் போனதும் இளையவன் கேக்கறதும் ஒண்ணு இல்லைங்க. மூத்தவனைக் கைவிட்டுடாதீங்க; இளையவனைத் தடுக்காதீங்க. கூலிக்கு நெய்யக் கத்துக்கட்டும். ஆனா ஒரு நாள் சொந்தப் பாவு போடணும்னு சொல்லிக் கொடுங்க."

படைப்பின் ஆண்டவர் நம் பிள்ளைகளின் கைகளையும் கற்பனையையும் ஆசீர்வதிப்பாராக.