பிள்ளையின் எடைக்கு ஊசி தேடும் பெற்றோர் கவனத்திற்கு

பாரிஸ் லாச்சப்பலின் தமிழ்க் கடைகளில் சனிக்கிழமைகளில் நிரம்பும் கூடைகளை உற்றுநோக்குபவருக்கு ஒரு விந்தை புலப்படும். முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, குரக்கன் மா, பயறு ஆகியன அங்கே குறைவின்றி விற்கப்படுகின்றன. பெற்றோர் தமக்கென அவற்றை வாங்குகின்றனர். அதே கூடையில் பிள்ளைக்கென இடம்பெறுவன கோலாப் போத்தலும் சிப்ஸ் பையும் உறையவைத்த ரோல்ஸுமே.

இதனை அறியாமை என்று மட்டும் ஒதுக்குதல் நியாயமன்று. 1990களின் பொருளாதாரத் தடையின்போது ஒரு கிலோ சீனிக்கு வரிசையில் நின்ற தலைமுறை இது. தன் பிள்ளை கேட்டதை இல்லையென்று சொல்ல அதற்கு வாய் வருவதில்லை. கொழுத்த குழந்தையே நலமான குழந்தை என்ற பாட்டிமாரின் கணிப்பும் கூடவே விமானமேறி வந்துவிட்டது. ஆனால் தெற்காசியரின் உடல், ஐரோப்பியரினதைவிடக் குறைந்த எடையிலேயே நீரிழிவுக்கு ஆட்படுகிறது என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இலேயே சுட்டிக்காட்டியது. 330 மில்லிலீற்றர் கோலாவில் ஏறத்தாழ 35 கிராம் சீனி உண்டு. எட்டு வயதுப் பிள்ளையொன்றுக்கு அந்நிறுவனம் வகுத்த நாளாந்த உச்ச அளவே ஏறத்தாழ அவ்வளவுதான்.

பிரெஞ்சு அரசு 2005 செப்டெம்பரில் பள்ளிகளிலிருந்து இனிப்பு, குளிர்பான விற்பனை இயந்திரங்களை அகற்றியது. பள்ளி வாசலில் தடுக்கப்பட்ட போத்தலைத் தமிழ் வீடுகள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வரவேற்றன. பிள்ளை பருத்த பின்னரோ, மருத்துவரிடம் சென்று மாத்திரையோ ஊசியோ உண்டா என்று வினவுகின்றனர்.

பசியை அடக்கும் மருந்துக்கு இந்நாடு கொடுத்த விலையை அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். 1976 முதல் 2009 வரை பிரான்சில் விற்கப்பட்ட 'மெதியாத்தோர்', நீரிழிவு நோயாளருக்கென அனுமதி பெற்று, மெலிய விரும்பியோருக்கும் தாராளமாக எழுதிக் கொடுக்கப்பட்டது. அது இதய வால்வுகளைச் சிதைப்பதை பிரெஸ்ற் நகர மருத்துவர் இரேன் பிராஷோன் அம்பலப்படுத்தினார். 2021 மார்ச்சில் பாரிஸ் நீதிமன்றம் அதனைத் தயாரித்த சேர்வியே நிறுவனத்தைக் குற்றவாளியெனத் தீர்ப்பளித்தது.

இன்றைய வாராந்த ஊசிகள் அத்தகையன அல்ல. அவை முறையாக ஆராயப்பட்டவை. கடும் உடற்பருமனால் நோயுற்ற பதின்ம வயதினருக்கு நிபுணர் அவற்றைப் பரிந்துரைப்பின் அதனை மறுத்துரைக்க எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு 2023இல் ஐரோப்பா வழங்கிய அனுமதியே, உணவுக் கட்டுப்பாட்டுடனும் உடலுழைப்புடனும் சேர்த்தே அதனைப் பயன்படுத்துமாறு கூறுகிறது. ஊசியை நிறுத்திய வயதுவந்தோர், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டுக்குள் மீளப் பெற்றதாக 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. சமையலறை மாறாத வீட்டில் ஊசி என்ன செய்யும்?

சமையலறை மாறினால் என்ன நிகழும் என்பதற்கும் பிரான்சிலேயே சான்று உண்டு. வடபிரான்சின் பிளேர்பே, லவாந்தி ஆகிய சிற்றூர்களில் 1992 முதல் ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு உணவைப் பற்றிக் கற்பித்தனர். பின்னர் நகரசபையும் மருத்துவர்களும் இணைந்தனர். 2004இல் அங்கு மிகை எடையுள்ள பிள்ளைகள் 8.8 விழுக்காடு, ஒப்பிடப்பட்ட அயல் ஊர்களில் 17.8. மருந்தின்றியே இது நிகழ்ந்தது.

பெற்றோர் இருவரும் உணவகத்திலும் துப்புரவுப் பணியிலும் இரவு வரை உழைக்கும் வீட்டில் தனியே சமைப்பதற்கு நேரமேது என்பது உண்மையான கேள்விதான். ஆனால் முதல் நாளே அவித்து வைத்த பயறோ கடலையோ நாலரை மணிக்குப் பசியோடு வரும் பிள்ளைக்குப் போதும். அதற்கு அடுப்பும் வேண்டியதில்லை. கோலாவை வாங்காமல் விடுவதற்கோ ஒரு நிமிடமும் தேவையில்லை.

பிரான்சில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் வழங்கப்படும் சுகாதாரக் கையேட்டில் உடல் நிறைச் சுட்டெண்ணின் வளைகோடு உண்டு. ஒரு வயதின் பின் இறங்கும் அக்கோடு வழமையாக ஆறு வயதளவில் மீண்டும் ஏறும். மூன்று, நான்கு வயதிலேயே ஏறத் தொடங்குமாயின் அது பிற்காலப் பருமனின் முன்னறிவிப்பு என்பதை 1984இலேயே பிரெஞ்சு ஆய்வாளர் ரோலான்-கஷேரா குழுவினர் எடுத்துரைத்தனர். தடுப்பூசிப் பக்கத்தை மட்டும் புரட்டும் பெற்றோர், அடுத்த முறை மருத்துவரிடம் அந்த வளைகோட்டிலும் ஒரு புள்ளி இடுமாறு கேட்கலாம்.