யாருக்குச் சாதாரணக் காய்ச்சல்?

ஃப்ளூ தடுப்பூசி வீண் என்று எழுதியிருக்கும் நண்பர் காட்டும் முதல் சான்று அவருடைய சொந்த உடம்பு. அவருக்கும் வந்ததாம், மூன்று நாள் கஞ்சி குடித்துப் படுத்திருந்தாராம், போய்விட்டதாம். திடகாத்திரமான ஓர் ஆள் தேறியதை வைத்து ஊருக்கே வைத்தியம் சொல்வது பொறுப்பற்ற செயல். பருவகால ஃப்ளூ ஏற்படுத்தும் சுவாசக் கோளாறால் ஆண்டுதோறும் 2.9 லட்சம் முதல் 6.5 லட்சம் பேர்வரை இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

இரண்டு மாதக் குழந்தைக்கு ஃப்ளூ முற்றினால் என்ன ஆகும் என்று அவர் பார்த்திருக்கிறாரா? மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழும். மூக்கு விடைக்கும். இரண்டு வாய் பால் உறிஞ்சுவதற்குள் மூச்சு முட்டி, மார்பை விட்டுவிட்டு அழும், அழவும் தெம்பிருக்காது. ஆறு மாதம் நிரம்பாத பிள்ளைக்கு இந்த ஊசி போட முடியாது. கர்ப்பமாக இருக்கும்போது தாய் போட்டுக்கொண்டால், அவள் உடலில் உருவாகும் எதிர்ப்பாற்றல் பிள்ளைக்கும் போய்ச் சேரும். ‘கர்ப்பிணிகள் கண்ட ஊசியையும் போடாதீர்கள்’ என்று அவர் போகிறபோக்கில் எழுதிய வரி, அந்தப் பாதுகாப்பைத்தான் பறிக்கிறது.

இதய நோயாளிகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு, ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு அபாயம் ஆறு மடங்கு உயர்வதைக் கண்டது.

ஊசி போட்டதால்தான் ஃப்ளூ வந்தது என்கிறார். கையில் போடும் ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. செயலிழக்கச் செய்த வைரஸின் கூறுகள்தான் உண்டு. கை வலிக்கும், ஓரிரு நாள் உடம்பு கதகதக்கலாம். பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். அதற்குள் தொற்றினால் அது ஊசியின் குற்றமல்ல.

ஆண்டுதோறும் போடச் சொல்வதே ஏமாற்று என்பது அடுத்த வாதம். வைரஸ் தன் மேற்புறப் புரதங்களை மாற்றிக்கொண்டே இருக்கிறது. அதைக் கண்காணித்துத்தான் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசியின் சேர்க்கையை முடிவு செய்கிறது. ஊசி முழுப் பாதுகாப்பு தராது என்பது உண்மை. நன்கு பொருந்தும் ஆண்டுகளில் மருத்துவரிடம் போகும் அளவுக்கு ஃப்ளூ வருவதை 40 முதல் 60 சதவீதம்வரை குறைக்கிறது. பாதிப் பேரைக் காக்கும் ஒன்றை, மீதிப் பேரைக் காட்டி வேண்டாம் என்பது என்ன நியாயம்? அதற்கு மாற்றாக அவர் சொல்லும் நிலவேம்புக் குடிநீர் ஃப்ளூவைத் தடுக்கும் என்பதற்கு ஓர் ஆய்வைக்கூட அவர் காட்டவில்லை.

விலை அதிகம் என்று அவர் எழுதியது மட்டும் சரி. தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ஃப்ளூ இல்லை. தினக்கூலி வாங்கும் குடும்பம் தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பர் மழையோடு ஃப்ளூ ஏறுகிறது. செப்டம்பருக்குள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் இலவசமாகப் போடச் சொல்லி அரசிடம் கேட்டிருக்க வேண்டும். அவர் அதைக் கேட்காமல், காசில்லாதவர்களிடம் போய் ஊசியே வேண்டாம் என்கிறார்.