ரீசெட் போட்டாப் போதுமா?

"ரொம்மை மாத்திப் பாப்பம், பிழைச்சா ரீசெட் போடலாம்." அமிர்தகழியில எங்கட பொடியன்மார் இப்பிடித்தான் சொல்லுறாங்க. எனக்கு உடன்பாடில்லை. போன மாசம் ஒருத்தன் பூட்லோடரைத் திறந்தான். குவைத்தில இருந்து அம்மா அனுப்பின குரல்பதிவுகளோட எல்லாம் அழிஞ்சிட்டு.

ரீசெட் டேட்டாவை மட்டும்தான் துடைக்கும். மாத்தின ரொம் அப்படியே கிடக்கும். சாம்சங் என்றால், அதே மொடலுக்குரிய கொம்பனி ரொம்மை ஓடின் மென்பொருளால திரும்ப ஏத்தவேணும். ஏத்தினாலும் 0 இலிருந்து 1 ஆகின நொக்ஸ் மாறாது. அது உள்ளுக்க எரிஞ்ச பியூஸ். மறுகா செக்யூர் போல்டரும் இல்லை.

மாத்தவே வேணாம் என்று சொல்லேல்ல. அப்டேட் நின்ற பழைய போனுக்கு லினேஜ் ஓஎஸ் நல்லது. படம், குரல் எல்லாத்தையும் பூட்லோடர் திறக்க முதல் பக்கப் எடுங்க. ஐஎம்இஐ இருக்கிற ஈஎப்எஸ் பகுதியை ரொம் ஏத்த முதல் எடுங்க. அது கெட்டா சிம்மும் வேலை செய்யாது.